திறந்திருக்கும் நேரம்

விவாகரத்தில் என் பங்குக்கு வந்தவை:
எண்பத்தொன்பதாம் வருட வோல்வோ,
கதவு சரியாக மூடாத கராஜ்,
எண்ணெய்த்தாளில் சுற்றிய ஒரு கேம்ஷாஃப்ட்.
மூன்றாவதை வக்கீல்கள் பட்டியலில் எழுதவில்லை.
அலமாரிக்குப் பின்னால் கிடந்தது.
யெர்கர் மறந்துபோனானா, விட்டுப்போனானா, தெரியாது.

பிப்ரவரி. ஓர்சா ஏரி உறைந்து முழங்கால் தாண்டிய கனம்.
பந்தயத்துக்குப் பதினோரு நாள்.
மேசைமேல் இரண்டு தண்டுகள்.
காரோடு பிறந்ததன் முட்டைகள் உருண்டை, அடக்கம்.
அவன் வாங்கியதன் மூக்குகள் நீண்டு
எதையோ முகர்ந்துகொண்டிருக்கின்றன.

மைக்ரோமீட்டரில் பிடித்தேன்.
வால்வைப் பன்னிரண்டரை மில்லிமீட்டர் தூக்கும்.
தூக்குவதுகூடப் பரவாயில்லை,
திறந்த வாசலைச் சாத்த அதற்கு மனமே வராது.
புகை வெளியேறி முடியவில்லை, அதற்குள்
புதுக்காற்றுக்கு எதிர்வாசல் திறந்தாகிவிட்டது.
வேகத்தில் இது நல்லது:
போகிறவன் வருகிறவளைக் கைப்பிடித்து இழுப்பான்.
மெதுவாகப் போகையில்
போனவன் பாதி வழியில் திரும்பி
வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறான்.

பூர்லெங்கேயில் தண்டு அரைக்கும் சேயாவை அழைத்தேன்.
எத்தனை குதிரை வேண்டும் என்று அவள் கேட்கவில்லை.
"வளைவை விட்டு வெளியே வரும்போது முள் எங்கே நிற்கும்?"
மூவாயிரத்தில். சில சமயம் அதற்கும் கீழே.
"அது நாலாயிரத்து ஐந்நூறில்தான் கண் விழிக்கும்.
அதுவரை என்ன செய்வாய்?"

சொல்லவில்லை.
பதினான்கு வருடம் செய்ததைத்தான்.
காத்திருப்பேன்.

மகளின் பெட்டியிலிருந்து பச்சைக் களிமண் எடுத்தேன்.
பிஸ்டன் தலையில் அப்பி, மூடி, முறுக்கி,
கையால் இரண்டு சுற்று.
திறந்து, பிளேடால் நறுக்கினால்
வால்வு அழுந்திய இடத்தில் மிச்சம்
ஒரு மில்லிமீட்டரும் ஒரு முடியும்.
உறுமுவதற்குப் போதும். ஓடுவதற்குப் போதாது.
தூவா வந்து, என் களிமண்ணை ஏன் வெட்டினாய் என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம்.

தாங்கிமூடிகள் ஐந்து, பெல்ட், அடையாளப் புள்ளிகள்.
ஏழு மணிக்குக் கராஜ் கதவை அகலத் திறந்துவைத்துச்
சாவியைத் திருப்பினேன்.
தும்மியது, நின்றது. மறுபடி.
பிறகு, நொண்டிக்கொண்டே ஆடும் ஒரு பெரிய உடல்,
விழப்போகிறது, விழவில்லை, விழப்போகிறது.
மேசையிலிருந்த காப்பிக் கோப்பை
தானாக நடந்து விளிம்புக்கு வந்தது.
அடுத்த வீட்டு வால்ஃப்ரிட் ஜன்னலைத் திறந்து
ஒன்றும் சொல்லாமல் நின்றான்.

பிரேக்கை மிதித்துப் பார்த்தேன், கருங்கல்.
அந்த மூச்சில் உறிஞ்ச ஏது காற்று?

ஆனாலும் அழகு.
இதைச் சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி.
கோட்டு, தொப்பியோடு இருக்கையில் உட்கார்ந்து
முதுகெலும்பு வழியாகக் கேட்டேன்,
கால் டேங்க் கரையும்வரை.

மறுநாள் காலை கழற்றினேன்.

சேயா அரைத்த மூன்றாவது தண்டு பஸ்ஸில் வந்தது.
காகிதத்தில் சொன்னால் யாரும் புருவம் தூக்கமாட்டார்கள்.
சும்மா நிற்கையில் தையல் மெஷின் மாதிரி இருக்கும்.
ஏரியில், மூன்றாம் வளைவில், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு
முள் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தில் கிடக்க
மிதித்தேன்.
வந்தது.
கேட்டவுடனே வந்தது.
எனக்கு அது பழக்கமில்லை,
அதனால் அடுத்த வளைவைத் தவறவிட்டேன்.
நான்காம் இடம்.

மார்ச்சில் மூராவிலிருந்து ஒரு பையன் வந்தான்,
பத்தொன்பது வயது, கையுறை கிடையாது.
எண்ணெய்த்தாளைப் பிரித்து
மூக்குகளை விரலால் தடவினான்.
பிஸ்டன் இடைவெளி, ஸ்பிரிங், கியர், பிரேக்
எல்லாம் சொன்னேன். தலையாட்டினான்.
"சத்தம் எப்படி?"
அருமை, என்றேன்.
இருநூறு குரோனர் குறைத்துக்கொண்டேன்.
வேறெதுவும் அவன் கேட்கவில்லை.
அந்த வயதில்
நானும் வேறெதுவும் கேட்டதில்லை.